பிடியரிசியும் கோபுரமும்: திருநெல்வேலித் திருச்சபையின் ஆலயக் கட்டுமானமும் அயல்பணியும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியில் வேரூன்றிய சீர்திருத்தத் திருச்சபைகள் இரண்டு பணிகளுக்காகத் தொடர்ந்து பொருளும் உழைப்பும் அளித்து வந்தன. ஊரில் ஆலயம் எழுப்பிப் பேணுவது ஒன்று. ஊரைக் கடந்தும் கடலைக் கடந்தும் ஊழியர்களை அனுப்புவது மற்றொன்று. திருச்சபை வரலாறுகள் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களாகவே பேசுகின்றன. இவை ஒரே ஈகை முறையின் இரு கிளைகள் என்பதையும், கொடுப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை எந்த அளவுக்குக் கிடைத்தது என்பதில் இரண்டும் வேறுபட்டன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருநெல்வேலித் திருச்சபை, ஆலயக் கட்டுமானம், பிடியரிசி, தர்ம சங்கம், இந்திய மிஷனெரி சங்கம், அசரியா, தோர்ணக்கல்.

முன்னுரை

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்ப் பெயர்களிலேயே திருச்சபை வரலாற்றின் ஒரு பகுதி பதிவாகியுள்ளது. டோனாவூர் என்னும் பெயர், இரேனியசின் பணிக்குப் பொருளுதவி செய்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவை நினைவூட்டுகிறது. சாயர்புரம், நிலம் வழங்கிய சாயர் என்னும் வணிகரின் பெயரால் அமைந்தது. பெருங்கொடை அளித்தோர் இவ்வாறு ஊர்ப் பெயர்களில் நிலைபெற்றனர். அதே ஊர்களில் நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்த பெண்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் ஆலயங்கள் எழுந்ததற்கும் ஊழியர்கள் வெளியூர் சென்றதற்கும் அந்தப் பிடியரிசி ஓர் அடிப்படையாக இருந்தது.

இங்கு எழும் வினா, யார் கொடுத்தார்கள் என்பதோடு முடிவதில்லை. கொடுத்தவர்கள் தாம் கொடுத்ததன்மீது முடிவெடுக்கும் உரிமை பெற்றிருந்தார்களா என்பதே இக்கட்டுரையின் மைய வினா. 1820 இல் இரேனியசு பாளையங்கோட்டைக்கு வந்தது முதல், 1939 இல் தோர்ணக்கல் பேராலயம் அருட்பொழிவு பெற்றது வரையிலான காலம் இங்கு ஆய்வு எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

ஓலைக் கொட்டகையிலிருந்து கற்கோயில் வரை

பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயரிடம் 1778 இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையார் முன்னின்று எழுப்பிய சிறு ஆலயம், இப்பகுதியின் சீர்திருத்தச் சபை வரலாற்றில் முதலிடம் பெறுகிறது. 1780 ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்தோர் நாற்பதின்மர். ஆக, இங்கு முதல் ஆலயத்தை எழுப்ப முனைந்தவர் அயல்நாட்டு ஊழியர் அல்லர். உள்ளூர்ச் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி. மக்கள் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என வழங்கிய பெயர் அந்த உரிமையைச் சுட்டி நிற்கிறது. பின்னாளைய கோபுர ஆலயங்களோடு ஒப்பிடும்போது இச்செய்தி முக்கியத்துவம் பெறுகிறது.

1799 இல் முதலூர் உருவானது. புதிதாகக் கிறித்தவம் தழுவியோர் தம் பழைய ஊர்களில் எதிர்ப்பைச் சந்தித்தபோது, ஒதுங்கி வாழத் தனி ஊர் தேவைப்பட்டது. தேரிக்காட்டுப் பனைத்தொழிலாளர் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. நிலமும் பனையும் பிறர் உடைமையாக இருந்தமையால், வழிபாட்டுக் கூடத்தையும் நிலவுடைமையாளரின் இசைவின்றி அமைத்தல் அரிதாயிற்று. பனங்கையால் சட்டமிட்டுப் பனையோலை வேய்ந்த கொட்டகைகளே தொடக்கக்கால ஆலயங்கள். ஆண்டுதோறும் ஓலை மாற்ற வேண்டிய கட்டடத்தில் புதுப்பித்தல் என்பது எப்போதாவது நிகழும் சிறப்புப் பணியாக இல்லாமல், சபை வாழ்வின் இயல்பான கடமையாகவே இருந்தது. ஓலையும் ஆள்வேலையும் சபையாரிடமே இருந்தன. தீக்கும் புயலுக்கும் பகைக்கும் எளிதில் இரையாகக்கூடிய அக்கொட்டகைகள், மக்கள் தம் கையாலேயே எழுப்பித் தம் கையாலேயே மீட்டெடுக்கக் கூடியவையாகவும் இருந்தன.

1826 இல் பாளையங்கோட்டையில் திறக்கப்பட்ட தூய திரித்துவ ஆலயம் கட்டுமானத்தில் புதிய கட்டத்தைக் குறிக்கிறது. மக்கள் இதனை ‘ஊசிக்கோபுரம்’ என்று அழைக்கின்றனர். மெய்ஞ்ஞானபுரத்தில் பணியாற்றிய வேல்சு நாட்டு ஊழியர் யோவான் தாமசு காலத்தில், புயலால் பழைய கூடம் சிதைந்த பின்னர் எழுந்த தூய பவுல் ஆலயம் 1847 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து நிறைவுற்ற அதன் கோபுரம் 192 அடி உயரமுடையது. அதே 1847 இல் இடையன்குடியில் கால்டுவெல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயம் 33 ஆண்டுகள் கழித்து 1880 இல் நிறைவு பெற்றது.

ஓர் ஆலயம் கட்டி முடிய ஒரு தலைமுறைக் காலம் ஆனது என்பதே அதன் பொருளியலைக் காட்டுகிறது. பணம் சேர்ந்தபோது வேலை நடந்தது, சேராதபோது நின்றது. 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சமும் இக்காலத்திலேயே வந்தது. பனைத்தொழில் பருவத்தை ஒட்டியது. பதநீர் இறங்கும் மாதங்களில் மட்டுமே கருப்பட்டி விற்ற காசு கையில் புழங்கும். இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடையும் உள்ளூர்க் காணிக்கையும் ஊரார் உழைப்பும் கலந்தே இவ்வாலயங்கள் எழுந்தன. ஆனால் வடிவம், அளவு, இடம் ஆகியவற்றை வரையறுத்தவர் மிஷனெரிமாரே. கோதிக் பாணியின் கூர்மாடங்கள் எந்தச் சபையாரின் முன்னறிவிலிருந்தும் வந்தவை அல்ல. சன்னல் வளைவுகளை உள்ளூர்க் கொத்தர்களுக்கு விளக்கக் கால்டுவெல் களிமண்ணால் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்லப்படுவதுண்டு. கட்டியவர் கையும் வடிவமைத்தவர் எண்ணமும் வெவ்வேறு உலகங்களைச் சார்ந்திருந்தமையை அச்செய்தி உணர்த்துகிறது.

ஈகையின் வழிகள்: சங்கமும் பிடியரிசியும்

1830 இல் இரேனியசு தோற்றுவித்த தர்ம சங்கம், கிறித்தவக் குடியிருப்புகளுக்கு நிலம் வாங்கும் நோக்கம் கொண்டது. நிலவுடைமையாளரின் வெளியேற்றத்துக்கு அஞ்சாமல் வாழவும், வழிபாட்டுக் கூடத்துக்கு உறுதியான மனை பெறவும் இது வழிவகுத்தது. இதனை அறச்செயல் என்று மட்டும் கொள்வது போதாது. நிலமற்றவர்கள் கூட்டாக நிலம் பெறும் முறை ஒன்றை இது அறிமுகப்படுத்தியது. உறுப்பினர் சிறுதொகை செலுத்துதல், கணக்கு வைத்தல், ஆண்டுக்கூட்டம் நடத்துதல் ஆகியவை எழுத்தறிவு இப்போதுதான் பரவத் தொடங்கிய மக்களிடையே புதிய பழக்கங்களாக வளர்ந்தன. இன்றும் திருநெல்வேலிச் சபைகளில் ஆண்டுக் காணிக்கையைச் ‘சங்கம்’ என்னும் சொல்லால் குறிக்கும் வழக்கம், அமைப்பின் பெயரே கொடையின் பெயராகவும் மாறிய போக்கைக் காட்டுகிறது எனலாம்.

காசு அரிதாகப் புழங்கிய குடும்பங்களில் காணிக்கை பொருளாகவே வந்தது. சமைப்பதற்கு முன் எடுத்துவைக்கும் பிடியரிசி, முதற்பலன், கருப்பட்டி, கோழி, முட்டை முதலியன ஆலயத்துக்கு வந்து, பின்னர் ஏலத்தில் பணமாயின. அறுப்பின் பண்டிகையில் நடைபெறும் ஏலம் இம்முறையின் தொடர்ச்சியே. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பதும், பண்டிகையில் சபையார் அனைவரும் அமர்ந்து உண்ணும் அசனமும் கட்டடப் பேணுதலையும் உறவுப் பேணுதலையும் ஒரே நிகழ்வாக இணைத்தன.

பிடியரிசியைப் பொறுத்தவரை இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவதாக, அது குடும்பத் தலைவரின் பணப்பையிலிருந்து வருவதன்று; அடுக்களையை ஆளும் பெண்ணின் முடிவிலிருந்து வருவது. சபையின் நிர்வாகக் கூட்டங்களில் இடம்பெறாத பெண்கள் அதன் வருவாயில் இடம்பெற்றனர். இரண்டாவதாக, அது உபரியிலிருந்து கொடுப்பதன்று. அன்றைய உணவின் அளவிலேயே ஒரு பிடி குறைகிறது. பஞ்சகாலத்தில் அந்தப் பிடியின் பொருள் என்ன என்பதை எந்தக் கணக்கேட்டின் கூட்டுத்தொகையும் வெளிப்படுத்தாது.

உரிமைக் குரல்

கொடையும் உழைப்பும் வளர்ந்த அளவுக்கு உரிமை வளராதபோது முரண்பாடு எழுந்தது. கால்டுவெல் 1849 இல் வெளியிட்ட சாணார் பற்றிய நூல், அச்சமூகத்தினரைத் தாழ்வாகச் சித்திரித்ததாகக் கடும் எதிர்ப்பை உண்டாக்கியது. நாசரேத்துப் பகுதியில் சட்டாம்பிள்ளையின் தலைமையில் 1857 இல் பிரிந்து சென்றோர் தமக்கெனத் தனிச் சபை அமைத்தனர். பிரகாசபுரத்தை மையமாகக் கொண்ட இச்சபை, அயல்நாட்டு மிஷனெரிகளின் ஆளுகையைத் துறந்தது.

இப்பிரிவினையைச் சமயக் கோட்பாட்டு வேறுபாடாகவோ தனிமனிதப் பூசலாகவோ மட்டும் காண்பது பொருந்தாது. ஆலயத்தைக் கட்டிய மக்களைப் பற்றி முடிவான சொல்லைச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்னும் வினாவே அதன் அடிநாதம். சட்டாம்பிள்ளையைப் பின்பற்றாமல் பழைய சபையிலேயே நிலைத்த பெரும்பான்மையோரும் அவ்வினாவிலிருந்து விடுபட்டவர் அல்லர். அவர்கள் அதற்கு வேறு வழியில் விடை தேடினர். அவ்வழி, ஊழியர்களை அனுப்பும் பணியில் திறந்தது.

வடக்கிலும் கடலுக்கு அப்பாலும்

1854 இல் இராக்லாண்டு ஐயர் சிவகாசியை மையமாகக் கொண்டு வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் முறையைத் தொடங்கினார். 1858 இல் அவர் அங்கேயே மறைந்தார். இப்பணியில் தென்பகுதிச் சபைகளின் உபதேசிமார் முறைவைத்து வடக்கே சென்று உதவினர். அவர்களின் செலவைத் தென்பகுதிச் சபைகளே தாங்கின. தம் ஊரில் தமக்கு வேண்டிய உபதேசியாரை அயலூராருக்கு விட்டுக் கொடுத்த இச்செயல், ஆலயத்துக்குக் கொடுப்பதினின்று தன்மையில் வேறுபட்டது. ஆலயத்துக்குக் கொடுப்பவர் அதன் பயனைத் தாமே நுகர்கிறார். ஊழியரை அனுப்புபவர் அப்பயனைக் காண்பதுகூட இல்லை.

அதே 1854 இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் உருவாயிற்று. திருநெல்வேலியில் முன்னர்ப் பணியாற்றிய செப்டிமசு ஆப்சு அதன் பொறுப்பேற்றார். திருநெல்வேலி உபதேசிமார் கடல் கடந்து மலையகத்துக்குச் சென்றனர். தோட்டங்களில் அவர்களுக்குக் கோபுர ஆலயங்கள் இல்லை. விடியற்காலையில் தொழிலாளரைப் பேர்பதிந்து வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களமும், இரவில் லயத்தின் முற்றமுமே அவர்கள் பேசிய இடங்கள். கட்டடம் இன்றியும் சபை இயங்கும் என்பதை அவர்களின் அன்றாடப் பணி காட்டியது.

எனினும் இப்பணியின் அமைப்பு சபையாரின் கையில் இல்லை. தோட்ட உரிமையாளரின் நன்கொடையும் சர்ச் மிஷனெரி சங்கத்தின் மேற்பார்வையும் அதனைத் தாங்கின. தொழிலாளரைக் கட்டுப்படுத்திய தோட்டத்துறையின் இசைவோடுதான் உபதேசியார் தொழிலாளரை அணுக முடிந்தது. மிஷனின் பெயரில் ‘கூலி’ என்னும் சொல் நின்றதே அது யாருடைய பார்வையில் அமைந்தது என்பதைச் சொல்லும். ஆக, திருநெல்வேலியார் கடல் கடந்தனர். ஆனால் அனுப்பியவர் பிறர்.

சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராக விளங்கிய என்றி வென், உள்ளூர்ச் சபை தன்னைத் தானே தாங்கவும் ஆளவும் பரப்பவும் வேண்டும் என்னும் கொள்கையை இக்காலத்திலேயே வலியுறுத்தினார். திருநெல்வேலியில் இம்மூன்றனுள் தாங்குதலும் பரப்புதலும் வளர்ந்த வேகத்தில் ஆளுதல் வளரவில்லை.

1903: அனுப்பும் சபை

1902 இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கு ஒரு செய்தியைக் கண்டு வியந்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளால் பாக்கு நீரிணையைக் கடந்து, தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வந்தனர். எண்ணிக்கையில் மிகப் பெரிய திருநெல்வேலிச் சபைக்கு அத்தகைய சொந்த அமைப்பு அப்போது இல்லை. வெள்ளாளன்விளையில் குருவானவர் ஒருவரின் மகனாக 1874 இல் பிறந்து, கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிய அசரியாவுக்கு அந்த ஒப்பீடு உறுத்தலாயிற்று.

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. அசரியா அதன் முதற்செயலாளர். இந்தியரின் பொருளால், இந்திய ஊழியரால், இந்தியரின் நிர்வாகத்தால் பணி நடைபெறும் என்பது அதன் அடிப்படை. நிசாம் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத்துச் சமத்தானத்தின் தோர்ணக்கல் பகுதி பணிக்களமாகத் தெரிவு செய்யப்பட்டது. சாமுவேல் பாக்கியநாதன் முதல் ஊழியராக 1904 இல் அங்குச் சென்றார். 1906 இல் முதல் திருமுழுக்குகள் நடைபெற்றன. நிலவழியே சென்றாலும் அது அயல்நாடே; ஆட்சி வேறு, மொழி தெலுங்கு, மக்கள் வேறு. 1905 இல் செராம்பூரில் அமைந்த தேசிய மிஷனெரி சங்கத்தின் உருவாக்கத்திலும் அசரியா பங்கு கொண்டார்.

பொருள் திரட்டும் முறையில் 1903 இல் புதுமை ஏதும் இல்லை. அதே சங்கக் காணிக்கை, அதே பிடியரிசி, அதே சேகர அமைப்பு. புதியது முடிவெடுக்கும் இடம். எங்கு அனுப்புவது, யாரை அனுப்புவது, எவ்வளவு கொடுப்பது ஆகியவற்றைக் கொடுப்பவர்களின் அமைப்பே முடிவு செய்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கம் நடத்தியும் கணக்கு எழுதியும் பெற்ற பயிற்சி இங்கு நிறுவனமாக உருப்பெற்றது.

இதன் வரம்பும் கருதத்தக்கது. 1909 இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல் சென்ற அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. ஆனால் அவரை அனுப்பிய திருநெல்வேலித் திருமண்டலம், 1896 இல் தோன்றியது முதல் ஐரோப்பியப் பேராயர்களின் கீழேயே இருந்தது. இந்தியர் ஒருவர் அதன் பேராயரானது நாட்டு விடுதலைக்குப் பின்னரே. வெளியே பேராயரைத் தந்த சபை, தன் வீட்டில் அப்பொறுப்பைப் பெறப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1910 ஆம் ஆண்டு எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா, அயல்நாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உண்மையான நட்பு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டதன் பின்னணியில் இந்த அனுபவத்தையும் வைத்துக் காண வேண்டும்.

தோர்ணக்கல் பேராலயம்

அனுப்பப்பட்டவர்களும் இறுதியில் ஆலயம் கட்டினர். ஏழைக் கிராமச் சபைகளின் காணிக்கையையும் நம்பி எழுந்த தோர்ணக்கல் பேராலயம், நீண்டகால உழைப்புக்குப் பின் 1939 சனவரி 6 அன்று அருட்பொழிவு பெற்றது. இசுலாமியக் கட்டடக் கலையின் குவிமாடங்களும், கோயில் மண்டபங்களை நினைவூட்டும் தூண்களும் அதில் இணைந்தன. மெய்ஞ்ஞானபுரத்தின் கூர்ங்கோபுரத்தையும் தோர்ணக்கல்லின் மாடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வடிவத்தைத் தெரிவு செய்யும் உரிமை கைமாறியமை புலனாகும். கட்டடமே இங்கு ஒரு வரலாற்று ஆவணமாகிறது.

தோர்ணக்கல் சபைகளில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். ஒரு காலத்தில் தாழ்வாகச் சித்திரிக்கப்பட்டதை எதிர்த்த சமூகத்தின் பிள்ளைகள், தம்மினும் ஒடுக்கப்பட்டோரிடையே ஊழியராகச் சென்றனர். கொடுப்பவர், பெறுபவர் என்னும் பழைய ஏற்றத்தாழ்வு தமிழர், தெலுங்கர் இடையே மீண்டும் தோன்றும் ஆபத்து இதில் இருந்தது. ஊழியர் தெலுங்கு கற்றதும், தெலுங்குக் குருமார் பலர் உருவாக்கப்பட்டதும், அப்புதிய சபைகளும் ஈகையைக் கடமையாகக் கொண்டதும் அவ்வாபத்தை எதிர்கொண்ட வழிகள். பெறுபவர் விரைவில் கொடுப்பவராக வேண்டும் என்பது திருநெல்வேலி தன் சொந்த அனுபவத்தில் கற்ற பாடம்.

சான்றுகளும் ஆய்வுச் சிக்கலும்

இவ்வரலாற்றை எழுதுவதில் ஒரு முறையியல் சிக்கல் உள்ளது. மிஷனெரிகளின் அறிக்கைகள் ஆலயத்தைத் தலைமை ஊழியரின் சாதனையாகப் பதிவு செய்கின்றன. அடிக்கல்லும் திறப்புவிழாக் கல்லும் தலைமை தாங்கியோர் பெயரைத் தாங்குகின்றன. சபையாரின் பங்கை அறியச் சேகரக் கணக்கேடுகள், சங்கப் பட்டியல்கள், ஏலக் குறிப்புகள், திருமுழுக்குப் பதிவேடுகள் ஆகியவற்றையே நாட வேண்டும். பழைய ஆலயம் இடித்துக் கட்டப்படும்போது சுவர்க் கற்கள் இடம் மாறக்கூடும். ஏடுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஒதுக்கப்படக்கூடும். பெயர் பொறித்த பெருங்கல் எப்படியும் காக்கப்படும். பிடியரிசிக் கணக்கைக் காக்கத் தனி அக்கறை வேண்டும். ஆதலால் ஆலயப் புதுப்பிப்பின்போது கட்டட வரைபடத்துக்குத் தரும் கவனத்தைச் சபையின் எழுத்துச் சான்றுகளுக்கும் தருவது இன்றியமையாதது.

முடிவுரை

திருநெல்வேலித் திருச்சபையில் ஆலயக் கட்டுமானமும் அயல்பணியும் ஒரே ஈகை மரபிலிருந்து வளர்ந்தன. ஓலைக் கொட்டகைக் காலத்தில் உழைப்பும் உரிமையும் ஒன்றாக இருந்தன. கற்கோயில் காலத்தில் உழைப்பு சபையாரிடமும் முடிவு மிஷனெரிகளிடமும் பிரிந்து நின்றன. அப்பிரிவினைக்குச் சட்டாம்பிள்ளை வெளியேற்றத்தால் விடை கண்டார். 1903 இன் சங்கத்தார் அனுப்புதலால் விடை கண்டனர். ஒரு சபை எவ்வளவு கொடுத்தது என்பதைக் கொண்டு மட்டும் அதன் தன்னிறைவை அளவிட இயலாது. கொடுத்ததைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் கொடுத்தவருக்கு இடம் இருந்ததா என்பதும் அளவுகோலாக வேண்டும். அவ்வளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது, 192 அடிக் கோபுரத்தின் வரலாறும் ஒரு பிடி அரிசியின் வரலாறும் ஒரே வரலாறாக எழுதப்பட வேண்டியவை என்பது தெளிவாகிறது.